மகாராணி மட்டும் உதிர்க்கவில்லை

பேக்கரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் முற்றத்துக் கதவைத் திறந்த ரொட்டியக்கா, வைத்த கால் வைத்தபடி நின்றுவிட்டாள். முற்றம் முழுக்க இறகு. யாரோ தலையணையைக் கிழித்து உதறிவிட்டுப் போன மாதிரி, துணி துவைக்கிற கல்லில் இறகு, வாளித் தண்ணீரில் இறகு, அவள் செருப்புக்குள்ளேயும் ஒன்று.

"ஐயோ, பூனை!" என்று கோழிக்கூட்டுக்கு ஓடினாள். பூனையுமில்லை, ரத்தமுமில்லை. நாலு பேரும் உள்ளேதான் இருந்தார்கள். குண்டம்மாவுக்குக் கழுத்தைச் சுற்றி ஒரு இறகு இல்லை. வாயாடியின் முதுகு சொட்டை. எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பதால் 'சந்தேகம்' என்று பேர் வாங்கியவளுக்கு வாலே காணோம். மேல்கட்டையில் ஓரமாக உட்கார்ந்திருந்த மகாராணி மட்டும் பளபளவென்று, ஒரு இறகு கலையாமல், "இவங்ககூட எனக்கு என்ன சம்பந்தம்" என்கிற முகத்தோடு இருந்தாள்.

அடுத்ததாக ரொட்டியக்காவுக்கு வந்த யோசனை, வேறு எந்த வீட்டிலும் யாருக்கும் வந்திருக்காது. அவள் புருஷன் முடி வெட்டுகிறவர். தெருவுக்கே அவர் கத்தரிக்காரர்.

"ஏங்க! கொஞ்சம் இங்க வாங்க! நீங்க பண்ணிவெச்ச வேலையைப் பாருங்க!"

வாயில் பல் விளக்குகிற பிரஷோடு அவர் வந்தார். "நான் என்ன பண்ணேன்?"

"இந்த வீட்டுல வேற யாரு கத்தரி வெச்சுக்கிட்டுத் திரியறது? கையில கத்தரி இருந்தா கண்ணுல பட்டதையெல்லாம் வெட்டணுமா? குண்டம்மா கழுத்துல மெஷின் ஓட்டியிருக்கீங்க. சந்தேகத்தோட வால் எங்க?"

முன்னெல்லாம் என்றால் இதுக்கு அவர் ஒரு கச்சேரியே வைத்திருப்பார். 'பின்னாடி கொஞ்சம் குறைங்கன்னு அதுவேதான் கேட்டுச்சு' என்று ஆரம்பித்து, கோழி எந்த மாதிரி வெட்டு கேட்டது, கண்ணாடியில் பார்த்துவிட்டு என்ன குறை சொன்னது என்று அவள் பேக்கரிக்குப் போவதையே மறக்கிற வரைக்கும் இழுத்திருப்பார். இன்றைக்குக் குனிந்து ஒரு இறகை எடுத்தார். அடிக்காம்பைப் பார்த்தார்.

"வெட்டினது இல்ல. வேரோட விழுந்திருக்கு," என்றார். இறகைக் கீழே போட்டுவிட்டு, வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். இறகு போனதைவிட இதுதான் ரொட்டியக்காவைச் சுட்டது.

இந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கத்தரிக்கு முன்னால் வாய் ஓடுகிற ஆள். தலையில் முடியே இல்லாதவர்கள்கூட அந்தக் கடைக்கு வந்து உட்காருவார்கள், பேச்சைக் கேட்க. கடையில் பேசினது போதாதென்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, யார் எந்தத் தலையோடு வந்தார்கள், எந்தக் கதையோடு போனார்கள் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பார். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அந்தப் பேச்சுதான் வீட்டை நிறைத்துக்கொண்டிருந்தது. ரொட்டியக்கா 'போதும் நிறுத்துங்க' என்று வாயால் சொல்வாள், காதால் இன்னும் கேட்பாள்.

அது நின்று சில மாதம் ஆகிவிட்டது. கடையை அடைத்துவிட்டு வருகிறார், தலையைக் குனிந்து சாப்பிடுகிறார், "சீட்டாடப் போறேன்" என்கிறார், போய்விடுகிறார். இவள் விடியும்போதே மாவு பிசையப் போகிறவள். கோழி அடைகிற நேரத்தில் இவளும் அடைந்துவிடுவாள். எப்போது திரும்பி வருகிறார் என்று தெரியாது. "என்னங்க ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல." உடம்புக்கு ஏதாவதா? "ஒண்ணுமில்ல." நான் ஏதாவது சொல்லிட்டேனா? "ஒண்ணுமில்லன்னா விடேன்." அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்தப் பேச்சு திரும்ப வேண்டும். எங்கே போய்த் தேடுவது என்றுதான் தெரியவில்லை.

சரி, ஆளைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை, கோழியையாவது புரிந்துகொள்வோம் என்று தீவனக்கடைக்குப் போனாள். கடைக்காரம்மா மூட்டை மேல் உட்கார்ந்து தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இறகைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அட, சட்டை மாத்துதுங்க! போன வருஷம் உனக்குக் குஞ்சுதானே, அதான் தெரியல. இனிமே வருஷா வருஷம் இந்தக் கூத்துதான். பொழுது சுருங்க ஆரம்பிச்சா உடம்புக்குத் தெரிஞ்சுடும், பழசைக் கழட்டிப் போட்டுப் புதுசு முளைக்க வெச்சுக்கும்."

"நோவு இல்லையே?"

"நோவும் இல்ல, சாவும் இல்ல. ஆனா முட்டையை மறந்துடு. இறகு முளைக்கறதுக்கே சத்து பத்தாது, இதுல முட்டை எங்க போடறது? மீன் தலை, குடல் எல்லாம் வேகவெச்சுக் குடு. பயறு குடு. அப்புறம், கொஞ்சறேன்னு தூக்கிடாத. புதுசா வர்ற குருத்துல ரத்தம் ஓடும், தொட்டா ஊசி குத்தற மாதிரி வலிக்கும். மத்ததை அதுங்களே அலகால கோதி உறையை உதிர்த்துக்கும். தலையில வர்றது மட்டும்தான் அலகுக்கு எட்டாது. உறை காஞ்சு வெளுத்ததும் நீ விரல்ல மெல்ல உருட்டி விட்டேன்னா கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கும் பாரு, அப்படி ஒரு சுகம்."

ரொட்டியக்கா சொன்னதைத் தட்டாமல் செய்தாள். மீன் தலை வெந்த வாடையில் வீடே மூக்கைப் பிடித்தது. சில நாளில் குண்டம்மாவின் கழுத்தில் நீலம் பாரித்த குருத்துகள் எழும்பின, பேனா நுனிகளைக் கொத்தாகக் குத்தி வைத்த மாதிரி. வாயாடி கத்துவதையே விட்டுவிட்டுக் கூச்சப்பட்டு மூலையில் ஒதுங்கினாள். கொண்டைகள் வெளுத்துச் சுருங்கின. முட்டை நின்றது. எல்லாம் கடைக்காரம்மா சொன்னபடியே நடந்தது, மகாராணியைத் தவிர.

மகாராணிக்கு ஒரு இறகு விழவில்லை. கொண்டை செக்கச்செவேலென்று இருந்தது. அதோடு விட்டாளா, நாள் தவறினாலும் மறுநாள் தவறாமல் முட்டையும் வைத்தாள். அந்த ஒற்றை முட்டையை ரொட்டியக்கா அவித்துப் புருஷன் தட்டில் வைப்பாள். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார்.

ஏன் இவள் மட்டும்? ஒரே தீனி, ஒரே தண்ணீர், ஒரே கூடு. ஒரே நாளில் ஒரே பெட்டியில் வந்த குஞ்சுகள். மாவு பிசையும்போதும் இதே யோசனை. பேக்கரியில் உப்பை இரண்டு தடவை போட்டுத் திட்டு வாங்கினாள். ரொட்டியக்காவின் மூக்கு ஒரு விஷயத்தில் வேர்த்துவிட்டால் அதன் அடியைக் காணாமல் தூங்க மாட்டாள். மறுபடி தீவனக்கடைக்குப் போனாள்.

"ஒண்ணு ரெண்டு தள்ளிப் போடறது உண்டுதான்," என்றாள் கடைக்காரம்மா. "ஆனா முட்டையும் வெக்குதா? கூட்டுல பல்பு போட்டு வெச்சிருக்கியா?"

"பல்பா? கோழிக்கா?"

"அப்ப எங்கேயோ வெளிச்சம் வாங்குது. ராத்திரியில வெளிச்சம் பட்டா, இன்னும் பொழுது நீளமாத்தான் இருக்குன்னு உடம்பு நம்பிடும். உதிர்க்காது."

கூட்டில் வெளிச்சமா? தெருவில் புருஷனின் கடை, நடுவில் முற்றம், பின்னால் வீடு. கூடு கடையின் பின்சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிறது. தெருவிளக்கு அந்தப் பக்கம். வீட்டு விளக்கு படுக்கும்போதே அணைந்துவிடும். நிலா வெளிச்சம் என்றால் நாலு பேருக்கும்தானே?

அன்று சாயங்காலம் கோழிகள் அடைவதற்கு முன்னால் ரொட்டியக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கூட்டுக்குள் தலையை விட்டாள். தலை போயிற்று, தோள் போயிற்று. இடுப்பு வாசலில் மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு லாரி டிரைவர் மதில் மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, முட்டை வெக்கப் போறீங்களா?"

"ஆமா, வெச்சதும் உங்களுக்குத்தான் முதல் முட்டை. போய் வேலையைப் பாருங்க!"

மகாராணியின் இடம் மேல்கட்டையில் ஓரம். மற்ற மூன்றும் கீழ்க்கட்டை. ரொட்டியக்கா கன்னத்தை மேல்கட்டை ஓரத்தில் வைத்து, மகாராணியின் கண் இருக்கும் இடத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுபோனாள். பின்பலகையில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதற்கு அப்பால் கண்ணாடி.

ஜன்னல்! கடையின் பின்னறை ஜன்னல். கூட்டை இந்தச் சுவரில் சாய்த்து வைத்த நாளிலிருந்து வீட்டுப் பக்கத்துக்கு அந்த ஜன்னல் மறைந்தே போய்விட்டது. அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள். ஆனால் அந்த அறையில் என்ன இருக்கிறது? பழைய துண்டுகள், உடைந்த நாற்காலி. இருட்டினதும் கடை ஷட்டர் இறங்கிவிடும், அவர் சீட்டாடப் போய்விடுவார். விளக்கைப் போட யார் இருக்கிறார்கள்?

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்பக்கம், ஜன்னல் விளிம்பில், விளக்குப் பூச்சிகள் செத்துக் கிடந்தன. பழைய தூசி படிந்தவை இல்லை. நேற்றுச் செத்தவை, முந்தாநாள் செத்தவை, குவியலாக.

கூட்டிலிருந்து இடுப்பை உருவிக்கொண்டு வெளியே வந்தபோது ரொட்டியக்காவின் மனசு பட்டென்று சொன்னது: சீட்டாட்டம் பொய். இந்த ஆள் எங்கேயும் போகவில்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். என்னைவிட்டுத் தள்ளி உட்கார அவருக்கு என்ன வந்தது?

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். திருடி மாதிரி அடிமேல் அடி வைத்தாள். பின்னறைக் கதவைத் திறந்தாள்.

மேசையில் சவரக்கத்தி. ஒரு கிண்ணத்தில் காய்ந்துபோன சோப்பு நுரை. பக்கத்தில் ஒரு பை நிறைய பலூன். சிவப்பு, மஞ்சள், பச்சை.

பலூனா! எந்த வீட்டுக் குழந்தைக்கு? ரத்தம் தலைக்கேறியது. பிள்ளை இல்லாத வீட்டில் பலூன் என்றால் வேறு என்ன நினைப்பாள்? யார் அவள், எந்தத் தெரு, எத்தனை நாளாக என்று ஒரு முழுக் குடும்பத்தையே மனசுக்குள் குடி வைத்து, அதை விளக்குமாற்றால் அடித்தும் விரட்டிவிட்டாள். அப்புறம்தான் குப்பைக்கூடை கண்ணில் பட்டது. உள்ளே முழுக்க வெடித்த பலூன் தோல். ஒவ்வொன்றிலும் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கீறல்.

கல்யாணம் பேச வந்த அன்றைக்கு அவர் அவளிடம் சொன்ன முதல் கதை அதுதான். தொழில் கற்றுக்கொண்டபோது வாத்தியார் மனிதன் கன்னத்தில் கை வைக்க விடமாட்டாராம். பலூனை ஊதி, நுரை பூசி, கத்தியால் வழிக்கச் சொல்வாராம். வெடித்தால் அன்றைக்குப் பட்டினி. 'எத்தனை நாள் பட்டினி தெரியுமா' என்று கண்ணை உருட்டிச் சொன்னதில்தான் அவள் சிரித்து, சரி என்று தலையாட்டினாள்.

தலை நரைத்த பிறகு யாராவது பலூன் வழிப்பார்களா?

உடைந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. 'டீ பாதி டம்ளர் போதும்' என்று சொல்ல ஆரம்பித்தது. சட்டைப் பைக்குள் போன கை. 'சவரத்துக்கு இப்பல்லாம் யாரும் வர்றதில்ல, எல்லாரும் தாடி வளர்க்கறாங்க' என்றது. அதையும் நம்பினாளே! தெருவில் எதிர்ப்பட்ட வழுவழு கன்னங்கள் அத்தனையும் இப்போது கண்முன்னால் வரிசை கட்டி நின்றன. எங்கேயோ போய் வழித்துக்கொண்டுதானே வந்திருக்கிறார்கள்?

அவர் கை நடுங்குகிறது. அதை அவளிடம் சொல்ல முடியாமல், தினமும் இங்கே வந்து பலூனோடு மல்லுக்கட்டுகிறார். வெடிக்க வெடிக்க ஊதுகிறார்.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சொல்ல நான் ஆள் இல்லையா? அப்புறம் அழுகை வந்தது. பலூன் பையை இருந்தபடியே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

ரொட்டியக்காவுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. ஊருக்கே தெரிந்த விஷயம். அன்றைக்கே பிடித்து உலுக்கிக் கேட்டிருப்பாள். வாய் வரைக்கும் வார்த்தை வந்தது. குண்டம்மாவின் கழுத்தை ஒரு நாள் ஆசையாகத் தடவப் போய், அது அலறித் துடித்து ஓடியது ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அந்த நாட்களில் அவள் பிசைந்த மாவு மாதிரி மெத்தென்ற மாவு பேக்கரியில் அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. அத்தனை குத்து அதில் இறங்கியிருந்தது.

கடை விடுமுறை அன்று அவர் முற்றத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். குண்டம்மாவின் கழுத்து நிரம்பிவிட்டது. தலையில் மட்டும் உறைகள் காய்ந்து, வெள்ளை முள் மாதிரி நின்றன. ரொட்டியக்கா அவளைப் பக்குவமாகத் தூக்கிக்கொண்டு வந்து, கேட்காமல் கொள்ளாமல் அவர் மடியில் வைத்தாள்.

"என்ன இது?"

"தலை வேலை. உங்க தொழில்தானே? காஞ்ச உறையை விரல்ல உருட்டணும், அவ்வளவுதான். அவளுக்கு எட்டாது. எனக்கு மாவுக் கை, முரட்டுக் கை. நீங்க செய்யுங்க."

"நீயே செய்."

"முடியாது."

கோழி மடியில் இருக்கிறது, எழுந்து ஓட வழியில்லை. அவர் இடது கையை நீட்டினார். "அந்தக் கை," என்றாள். பைக்குள்ளிருந்து வலது கை வந்தது. பகல் வெளிச்சத்தில் அதை அவள் முழுசாகப் பார்த்தாள். காற்றில் ஆடுகிற இலைகூட நடுவில் ஓயும். இது ஓயவில்லை.

அவர் விரல் குண்டம்மாவின் தலையில் பட்டது. உறை பொடிந்து மாவாக உதிர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு குட்டி இறகு விரிந்தது. இன்னொன்று. இன்னொன்று. குண்டம்மா கழுத்தை நீட்டிக் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நடுங்குகிற விரல் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"கை நடுங்குதுடி," என்றார் அவர், கோழியைப் பார்த்தபடியே.

"தெரியும்."

அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது. "எப்படித் தெரியும்? யார் சொன்னா?"

"மகாராணி சொன்னா."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொன்னாள். வெளிச்சம் பட்டால் உதிர்க்காது என்பதை, ஜன்னலை, பூச்சியை, பலூனை, கூட்டு வாசலில் இடுப்பு மாட்டிக்கொண்டதை. பலூனுக்கு நடுவில் ஒரு சக்களத்தியைக் கற்பனை செய்ததையும் சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகம் கோணி, அழுதார்.

"ஒருத்தர் கன்னத்துல கத்தியை இழுத்துட்டேன். ரொம்ப நாள் வாடிக்கை. 'பரவாயில்ல, பரவாயில்ல'ன்னுட்டுப் போனார், அப்புறம் வரல. அன்னையிலேருந்து கத்தியை எடுத்தாலே... பேச்சும் வரமாட்டேங்குது. நான் வேற என்ன? இந்தக் கை போச்சுன்னா நான் யாரு?"

"என் புருஷன்," என்றாள் ரொட்டியக்கா. "டாக்டர்கிட்ட போயிருக்கலாமே?"

"டாக்டர் ஒரு பேரு வெச்சுட்டா அது நிஜமாயிடுமே."

"பேரு வெக்காட்டியும் நடுங்கத்தானே செய்யுது! நாளைக்குப் போறோம். இனிமே அந்த அறையில தனியா உக்காரக் கூடாது."

"உக்கார மாட்டேன். நீயும் வேவு பார்க்கக் கூடாது."

"பார்க்க மாட்டேன்."

டாக்டர் கோடு போடச் சொன்னார், வட்டம் போடச் சொன்னார், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அப்பா இரண்டு கையாலும் டம்ளர் பிடிப்பார் என்பது அப்போதுதான் இவருக்கு ஞாபகம் வந்தது. பயப்படுகிற வியாதி இல்லை, மாத்திரை கொஞ்சம் அடக்கும், முழுசாகப் போகாது, கத்தியை மட்டும் வைத்துவிடுங்கள் என்றார் டாக்டர். கத்தரிக்காரர் வீட்டுக்கு வந்ததும் சவரக்கத்தியைத் துடைத்து, துணியில் சுற்றி, அலமாரியில் வைத்தார்.

ஆனால் பேச்சு ஒரே நாளில் வந்துவிடவில்லை. சாப்பிட்டார், "கடைக்கணக்கு பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ரொட்டியக்காவுக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும். நிஜமாகவே கணக்குதானா, இல்லை மறுபடியும் பலூனா? எழுந்து போய் ஒரு எட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வாக்குக் கொடுத்துத் தொலைத்தாயிற்றே! காலையில் கூட்டைத் திறந்து மகாராணியைப் பார்ப்பாள். ஒரு இறகு குறையாமல் உட்கார்ந்திருப்பாள். அடியில் முட்டை. அந்த வெள்ளை முட்டை 'ஜன்னல்ல இன்னும் வெளிச்சம் இருக்கு' என்று சொல்கிற மாதிரி இருந்தது.

"இன்னும் உதிர்க்கல," என்று கடைக்காரம்மாவிடம் போய் நின்றாள்.

"இன்னிக்கு விளக்கை அணைச்சா இன்னிக்கேவா உதிர்க்கும்? உடம்பு நம்பணும்ல. பொறு."

பொறுத்தாள். குண்டம்மா புதுப் பெண் மாதிரி மினுமினுத்தாள். வாயாடிக்கு முதுகு மூடி, வாய் திரும்பிவிட்டது. சந்தேகத்துக்கு வால் வந்தது, அதையும் அவள் சந்தேகமாகத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு காலையில் மகாராணியின் இடத்தில் முட்டை இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்து ஒரு நாள் பேக்கரியிலிருந்து வந்தவள், முற்றத்துக் கல்லின் மேல் ஒரு நீளமான வெள்ளை இறகைப் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். அந்தப் பக்கம் இன்னொன்று. கூட்டின் ஓரத்தில் கழுத்து பாதி வழுக்கையாக, மானம் போன முகத்தோடு மகாராணி நின்றிருந்தாள்.

ரொட்டியக்கா கடைக்குள் ஓடினாள். நாற்காலியில் லாரி டிரைவர், கழுத்தில் துண்டோடு.

"ஏங்க! மகாராணி உதிர்த்துட்டா! மொட்டையா நிக்கறா!"

"அதுக்கு ஏன்க்கா இப்படிச் சிரிக்கறீங்க?" என்றார் டிரைவர்.

கத்தரிக்காரர் மெஷினை நிறுத்தினார். இறகைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"வேவு பார்த்தியா?"

"நான் பார்க்கல. அவதான் பார்த்தா."

அவர் அந்த இறகை வாங்கிக் கண்ணாடி ஓரத்தில் செருகினார். செருகக் கொஞ்ச நேரம் பிடித்தது, கை ஆடியது. டிரைவரும் பார்த்தார். கத்தரிக்காரர் கையை மறைக்கவில்லை.

"டீ கொண்டுவா," என்றார். "முழுசா ஊத்து."

கொண்டுவந்தாள், விளிம்பு வரைக்கும். அவர் வாங்கினார், தரையெல்லாம் சிந்தியது. டிரைவர் காலைத் தூக்கிக்கொண்டார். "இந்தக் கை இருக்கே தம்பி, இதுக்கு டாக்டர் ஒரு பேரு வெச்சிருக்கார், கேளு," என்று ஆரம்பித்த கத்தரிக்காரர், பலூனுக்குப் போய், பலூனிலிருந்து கோழிக்கு வந்து, ரொட்டியக்கா இடுப்பு மாட்டின இடத்தில் நின்று நிதானித்து, டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற வரைக்கும் விடவில்லை. "போதும் நிறுத்துங்க," என்றாள் ரொட்டியக்கா, தரையைத் துடைத்தபடி. துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு, கதை முடியும் வரைக்கும் அங்கேயே இருந்தாள்.